வீட்டில் விழுந்ததாக எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு வயது 29. ஊரில் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக ஒரகடம் பக்கத்தில் மளிகைச் சாமான் கிடங்கு ஒன்றில் காண்ட்ராக்ட் மூலம் வேலை செய்கிறேன். சம்பளம் 17,400 ரூபாய், இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். தீபாவளி ஆர்டர் ஆரம்பித்ததும், மணிக்கு 110 பெட்டி என்றிருந்த டார்கெட்டை 160 ஆக்கிவிட்டார்கள். இரண்டு பேராகத் தூக்கிய அரிசி மூட்டையை இப்போது ஒருவரே தூக்க வேண்டும். கூட ஓர் ஆள் கேட்டதற்கு, ‘முடியவில்லை என்றால் சொல், கேட்டில் பத்துப் பேர் நிற்கிறார்கள்’ என்றார் சூப்பர்வைசர். 12 நாள் முன்பு இரவு ஷிப்டில், கீழ் ராக்கிலிருந்து 26 கிலோ மூட்டையைத் தூக்கித் திரும்பியபோது இடுப்பில் ஏதோ அறுந்ததுபோல் இருந்தது. அப்போதே சூப்பர்வைசரிடம் சொன்னேன், ஷிப்ட் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். மறுநாள் தனியார் கிளினிக்கில் ஊசி போட்டார்கள். வலது காலில் பாதம் வரை வலி இழுக்கிறது. வீட்டுப் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக எழுதிக் கொடுத்தால் பத்து நாள் சம்பளம் வாங்கித் தருவதாகச் சூப்பர்வைசர் சொல்கிறார். மூட்டை தூக்கத் தெரியாமல் தூக்கியது என் தப்பு என்றும் சொல்கிறார். எழுதிக் கொடுக்கலாமா? என்னால் இனி மூட்டை தூக்க முடியுமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கேள்விகளுக்குள் போவதற்கு முன்பு, கடிதத்தில் நீங்கள் குறிப்பிடாத சிலவற்றை நான் கேட்டாக வேண்டும். சிறுநீர் கழிக்கச் சிரமமாக இருக்கிறதா, அல்லது அறியாமல் கசிகிறதா? மலம் கழிப்பதில் கட்டுப்பாடு குறைந்திருக்கிறதா? உட்காரும்போது தரையில் படும் பகுதியிலும் தொடைகளின் உட்புறத்திலும் மரத்துப்போன உணர்வு இருக்கிறதா? நடக்கும்போது வலது கால் செருப்பு தானாகக் கழன்று போகிறதா, குதிகாலில் ஊன்றி நிற்க முடியாமல் பாதம் தொங்குகிறதா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலை மேற்கொண்டு படிக்க வேண்டாம். இன்றே, இந்த மணி நேரத்திலேயே, அருகில் உள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குகிறது என்பதன் அறிகுறிகளாக அவை இருக்கலாம்; அந்த நிலையில் அறுவை சிகிச்சையை ஓரிரு நாள் தள்ளிப்போட்டாலும் இழந்த கட்டுப்பாடு திரும்பாமலே போகக்கூடும். காகிதங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அவை எதுவும் இல்லை என்ற நம்பிக்கையில் தொடர்கிறேன். இடுப்பில் தொடங்கிப் பிட்டம், தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை ஒரே கோடாக இழுக்கும் வலி, முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுத்தட்டு பிதுங்கி நரம்பின் வேரை அழுத்தும்போது பொதுவாக வருவது. நேரில் பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றாலும், குனிந்து எடுத்துத் திரும்பிய அந்தக் கணத்தில் வலி தொடங்கியது என்ற உங்கள் விவரம் அதோடு பொருந்துகிறது. இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலேயே வலி நன்றாகக் குறைந்துவிடுகிறது. படுத்த படுக்கையாக இருப்பது குணமாவதைத் தாமதப்படுத்தும். வலி பொறுக்கும் அளவுக்கு வீட்டுக்குள்ளும் தெருவிலும் நடப்பது நல்லது. வீட்டார் யாரேனும் சுளுக்கு வழிப்பவரிடம் அழைத்துச் சென்றால், எண்ணெய் தடவிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதுகை மிதிப்பதற்கும், காலைப் பிடித்துச் சொடுக்குவதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

இனி, உங்கள் சூப்பர்வைசர் சொன்ன ‘தூக்கத் தெரியாமல் தூக்கினாய்’ என்ற வாதத்துக்கு வருகிறேன். உங்களைப் போல் அடிபட்டு வருகிற ஒவ்வொருவரும் இந்த வாக்கியத்தைப் பாதி நம்பிக்கொண்டுதான் என் அறைக்குள் நுழைகிறார்கள். அதனால்தான் இதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு மனிதனின் இடுப்பு எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதைக் கணக்கிட அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனம் ஒரு சூத்திரத்தை வகுத்து, 1991-இல் அதைத் திருத்தியது. உலகெங்கும் தொழில்சார் மருத்துவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறோம். எல்லாம் சாதகமாக இருந்தால், அதாவது சுமை உடலோடு ஒட்டி, இடுப்பளவு உயரத்தில், நல்ல கைப்பிடியோடு, திரும்பாமல், எப்போதாவது ஒரு முறை தூக்கினால், அந்தச் சூத்திரம் அனுமதிக்கும் உச்ச எடை 23 கிலோ. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான, முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிப் பைகளுக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்த பிறகு, நம் அரிசி ஆலைகள் பலவும் 26 கிலோ பைக்கு மாறின. வரியை முன்னிட்டு ஏறிய அந்த ஒரு கிலோ யாருடைய முதுகில் ஏறுகிறது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. ஆக, உங்கள் கைக்கு வரும் மூட்டை மிகச் சிறந்த சூழ்நிலைக்கான வரம்பையே தாண்டியது.

உங்கள் சூழ்நிலையோ சிறந்ததன்று. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உள்ள பேலட்டில், உடலிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி மூட்டை கிடக்கிறது. அதை எடுத்து, 45 பாகை திரும்பி, ஒரு மீட்டர் உயரமுள்ள டிராலியில் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே சூத்திரத்தில் இந்த அளவுகளைப் போட்டால் 23 கிலோ சுமார் 7 கிலோவாகச் சுருங்கிவிடுகிறது. சாக்குப் பையில் பிடிமானம் இல்லாததையும், நிமிடத்துக்கு இத்தனை முறை என்று இரவு முழுவதும் தூக்குவதையும் சேர்த்தால் இன்னும் குறையும். முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துத் தூக்கச் சொல்லும் சுவரொட்டி தவறானதல்ல. ஆனால் கீழ் ராக்கின் இடைவெளிக்குள் கையை நீட்டித்தான் எடுக்க முடியும் என்றால், எந்தப் பயிற்சியும் அந்த 50 சென்டிமீட்டரைக் குறைத்துவிடாது. இடுப்புப் பட்டை அணிந்திருந்தால் இப்படி நேர்ந்திருக்காது என்று சிலர் சொல்லக்கூடும். நலமாக உள்ள தொழிலாளிக்கு முதுகுக் காயம் வராமல் பட்டை தடுக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அதே அமெரிக்க நிறுவனம் முன்பே தெரிவித்திருக்கிறது. உங்கள் இடுப்பைக் காயப்படுத்தியது மூட்டையின் எடை, ராக்கின் உயரம், 110-லிருந்து 160 ஆன எண்ணிக்கை, உடன் தூக்க ஆளில்லாமை ஆகிய நான்கும் சேர்ந்துதான். இவற்றில் எதையும் நீங்கள் தீர்மானிக்கவில்லை.

இப்போது அந்தக் கடிதம். வீட்டில் வழுக்கி விழுந்ததாக எந்தக் காரணத்துக்காகவும் எழுதிக் கொடுக்காதீர்கள். பத்து நாள் சம்பளத்துக்கு ஈடாக உங்களிடம் கேட்கப்படுவது எவ்வளவு பெரியது என்பதை உங்கள் சம்பளக் கணக்கிலேயே காட்டுகிறேன். உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ.க்கு 0.75 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 131 ரூபாய், பிடித்திருப்பார்கள். நிர்வாகத் தரப்பு 3.25 விழுக்காடு கட்ட வேண்டும். வேலையின்போது காயம் ஏற்பட்டு மூன்று நாளுக்குக் குறையாமல் வேலை செய்ய முடியாமல் போனால், குணமாகும் வரை சராசரித் தினக்கூலியில் 90 விழுக்காட்டை இ.எஸ்.ஐ. வழங்குகிறது. உங்கள் தினக்கூலியை 580 ரூபாய் என்று கொண்டால் அது நாளொன்றுக்கு 522 ரூபாய். ஆறு வாரத்துக்குச் சுமார் 22,000 ரூபாய். இதற்கு முன்பு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளில் அடிபட்டாலும் உரிமை உண்டு. 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது.

வீட்டில் விழுந்ததாக எழுதிவிட்டால் அதே காயம் சாதாரண நோயாகிவிடும். நோய்க்கால உதவித்தொகை 70 விழுக்காடுதான்; அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரைதான்; அதைப் பெற, சந்தாக் காலம் எனப்படும் ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. முதன்முறையாக இ.எஸ்.ஐ.யில் சேரும் ஒருவருக்கு இந்த நோய்க்காலத் தொகை பெறும் காலம், சேர்ந்த நாளிலிருந்து 9 மாதம் கழிந்த பிறகே தொடங்குகிறது. நீங்கள் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இதற்கு முன் இ.எஸ்.ஐ. உள்ள வேலையில் இருந்ததாகவும் தெரியவில்லை. ஆகவே, அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டால் சிகிச்சை கிடைக்கும், ஆனால் உதவித்தொகையாக ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. பாதத்தில் நிரந்தரமாகப் பலவீனம் தங்கிவிட்டால் மருத்துவக் குழு உழைப்புத்திறன் இழப்பை விழுக்காட்டில் மதிப்பிட்டு வாழ்நாள் முழுவதும் வழங்கச் செய்யும் தொகையும் வேலைக் காயத்துக்கு மட்டுமே உரியது.

சூப்பர்வைசர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். பல கிடங்குகளின் வாயிலில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று எண்ணிக்கைப் பலகை ஒன்று தொங்குகிறது. விபத்துப் பதிவானால் அந்த எண் பூச்சியத்துக்குத் திரும்பும். மேலாளர் கேள்வி கேட்பார். காண்ட்ராக்டர் தன் ஒப்பந்தத்தைப் பற்றிக் கவலைப்படுவார். கடைசியில் அந்த அழுத்தம் முழுவதும் ஷிப்டில் நிற்கும் சூப்பர்வைசரின் தலையில் விழும். அவர் கொடியவர் என்று நான் எண்ணவில்லை. ஆனால் அவருடைய நெருக்கடியை உங்கள் கையெழுத்தால் தீர்த்து வைக்கும் கடமை உங்களுக்கு இல்லை.

இந்தச் சச்சரவு வாய்ப்பேச்சாகவே நீடிக்கும் வரை அவர் பக்கம்தான் ஓங்கும். எழுத்துக்கு வந்துவிட்டால் நிலைமை மாறும். உங்களிடம் ஏற்கெனவே நீங்கள் நினைப்பதைவிட அதிகச் சான்றுகள் இருக்கின்றன. அன்றிரவே சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னதும் இ.எஸ்.ஐ. விதிகளின்படி விபத்தைத் தெரிவித்ததாகவே கொள்ளப்படும். வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தியில் நேரம் இருக்கிறது. குழுவிலிருந்து உங்களை நீக்குவதற்குள் அதைப் படமெடுத்து, வேறொருவருக்கும் அனுப்பி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் கையில் இருந்த ஸ்கேனர் இருக்கிறது. எந்த நிமிடத்தில் எந்த ராக்கில் எந்தப் பொருளை எடுத்தீர்கள் என்று பதிவு செய்து உங்களை விரட்டிய அதே கருவி, எந்த நிமிடத்தில் நீங்கள் நின்றுபோனீர்கள் என்பதையும் பதிவு செய்திருக்கும். கேமராப் பதிவுகள் சில வாரங்களில் அழிந்துவிடும் என்பதால், அன்றைய பதிவையும் ஸ்கேனர் விவரத்தையும் பாதுகாத்து வைக்குமாறு எழுத்தில் கேளுங்கள்.

காண்ட்ராக்டருக்கும் கிடங்கு நிர்வாகத்துக்கும் ஒரே கடிதத்தை, மின்னஞ்சலிலோ ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலிலோ அனுப்புங்கள். அதில் கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். ‘இன்ன தேதி இரவு ஷிப்டில், இன்ன நேரத்தில், இன்ன ராக்கின் கீழ்த்தட்டிலிருந்து 26 கிலோ அரிசி மூட்டையைத் தனியாகத் தூக்கித் திரும்பும்போது எனக்கு இடுப்பில் காயம் ஏற்பட்டது. உடனே சூப்பர்வைசரிடம் தெரிவித்தேன். அப்போது அருகில் இருந்தவர்கள் இன்னார். இதை விபத்துப் பதிவேட்டில் பதிந்து, இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ இவ்வளவு போதும். பதிவேட்டுக்குப் படிவம் 11 என்றும், நிர்வாகம் இ.எஸ்.ஐ.க்கு அனுப்பும் அறிக்கைக்குப் படிவம் 12 என்றும் பெயர். காண்ட்ராக்டர் சந்தா கட்டவில்லை என்றோ, உங்கள் பெயரே பட்டியலில் இல்லை என்றோ யாரேனும் சொன்னால் கலங்க வேண்டாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கான சந்தாவைக் கட்டும் பொறுப்பு முதன்மை நிர்வாகத்தையே, அதாவது கிடங்கு நிர்வாகத்தையே, சேரும், அவர்கள் அதைக் காண்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ளலாம் என்பதே சட்டம்.

அடுத்து, இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குச் செல்லுங்கள். அங்கே மருத்துவரிடம் உங்கள் முதல் வாக்கியம் ‘இடுப்பு வலிக்கிறது’ என்பதாக இருக்கக்கூடாது. ‘இன்ன தேதி, வேலையில், மூட்டை தூக்கும்போது’ என்று தொடங்க வேண்டும். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறையில் நான் பணியாற்றியபோது, இரும்புப் பெட்டி தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருவருக்கு, அவசரத்தில் ‘இடுப்பு வலி, 2 நாள் ஓய்வு’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். எப்படி வந்தது என்பதை எழுதவில்லை. ஆறு மாதம் கழித்து அவருக்குப் பாதம் தொங்கத் தொடங்கியபோது, அது வேலையில் நேர்ந்த காயம் என்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள்; என் சீட்டில் எதுவும் இல்லை. சக தொழிலாளிகளின் வாக்குமூலங்களைக் கொண்டு அதை நிரூபிக்க அவர் ஓராண்டுக்கு மேல் அலைந்தார். அந்த அலைச்சலை அவருக்குக் கொடுத்தவன் நான். அன்றிலிருந்து, வருபவர் சொல்லும் முதல் வாக்கியத்தை அவர் சொற்களிலேயே எழுதாமல் நான் எந்தச் சீட்டிலும் கையெழுத்திடுவதில்லை. உங்கள் தனியார் கிளினிக் சீட்டிலும் வெறும் வலி என்று மட்டுமே இருந்தால், அந்த மருத்துவரிடம் திரும்பிச் சென்று, நீங்கள் அன்று சொன்ன விவரத்தை இன்றைய தேதியிட்டுக் கூடுதல் குறிப்பாக எழுதித் தருமாறு கேளுங்கள். பழைய சீட்டைத் திருத்தச் சொல்லாதீர்கள்.

நிர்வாகம் மறுக்கக்கூடும். இடுப்பு வலி எல்லோருக்கும் வருவது, இது விபத்தே அல்ல என்பார்கள். மெல்ல மெல்ல வளர்ந்த வலியாக இருந்தால் அந்த வாதத்தை முறியடிப்பது கடினமாகத்தான் இருந்திருக்கும். உங்களுக்கு ஒரு குறிப்பிட்ட நேரமும், குறிப்பிட்ட சுமையும், அப்போதே சொன்ன சான்றும் இருக்கின்றன. வேலையின்போது நேர்ந்த விபத்து, எதிரான சான்று இல்லாத வரை, வேலையால் நேர்ந்ததாகவே கருதப்படும் என்று சட்டம் சொல்கிறது. நீங்கள் தூக்கிய விதம் சரியா தவறா என்பதும் அங்கே கேள்வியில்லை. நிர்வாகத்தின் வேலைக்காகத் தூக்கினீர்களா என்பதுதான் கேள்வி. இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் தீராவிட்டால் சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல அலுவலகமும், அதற்கும் மேல் இ.எஸ்.ஐ. நீதிமன்றமும் இருக்கின்றன.

வேலை போய்விடும் என்ற அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. மேலே சொன்ன 90 விழுக்காட்டுத் தொகையை, அதாவது தற்காலிக ஊன உதவித்தொகையைப் பெறும் காலத்தில் ஒருவரை வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்பது சட்டம். ஆனால் காண்ட்ராக்ட் வேலையில் யாரும் நீக்க உத்தரவு கொடுப்பதில்லை, ஷிப்ட் பட்டியலில் பெயர் இல்லாமல் போகும், அவ்வளவுதான். ஆகவே, ஒவ்வொரு மருத்துவச் சான்றையும் கிடைத்த அன்றே அனுப்பி, அனுப்பியதற்கான அத்தாட்சியை வைத்திருங்கள். வேலைக்குத் தகுதி என்று மருத்துவர் எழுதிய நாளில், வரத் தயார் என்று எழுத்தில் தெரிவியுங்கள். ராஜினாமா என்று தலைப்பிட்ட எதிலும், வெற்றுத் தாளிலும், கையெழுத்து வேண்டாம்.

டார்கெட்டைப் பற்றிச் சூப்பர்வைசரிடம் தனியாக வாதிடுவதால் பயனில்லை. அந்த எண்ணை அவர் வகுக்கவில்லை. உடன் வேலை செய்பவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, 25 கிலோவுக்கு மேற்பட்டவற்றை இருவர் தூக்குவது, அரிசியையும் தண்ணீர் கேன்களையும் கீழ்த்தட்டிலிருந்து இடுப்பளவு தட்டுக்கு மாற்றுவது ஆகிய இரண்டை மட்டும் எழுதிக் கேளுங்கள். இரண்டும் செலவு குறைந்தவை. மறுப்பதற்கு மேலாளருக்குக் காரணம் தேட வேண்டியிருக்கும். 2024-இல் ஹரியானாவின் மானேசரில் உள்ள அமேசான் கிடங்கில், இலக்கை முடிக்கும் வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ செல்ல மாட்டோம் என்று தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்கச் சொன்னதாகச் செய்தி வந்தபோது, தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கிடங்கு நிர்வாகம் தன் இலக்கைத் தொழிலாளிக்கு எழுத்தில் தர வேண்டும், உணவு இடைவேளையையும் கழிப்பறை நேரத்தையும் பறிக்கும் இலக்கு செல்லாது என்று 2022 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. அப்படியொரு சட்டம் நமக்கும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி மூட்டை தூக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் முடியும், ஆனால் இந்த மாதம் அல்ல. திரும்பும்போது ‘லேசான வேலை’ என்று மொட்டையாக எழுதிய சான்று வாங்காதீர்கள். அதைச் சூப்பர்வைசர் தம் விருப்பப்படி பொருள் கொள்வார். எத்தனை கிலோவுக்கு மேல் கூடாது, முழங்காலுக்குக் கீழிருந்து எடுக்கலாமா கூடாதா, தொடர்ந்து எவ்வளவு நேரம் நிற்கலாம், எத்தனை வாரத்துக்கு என்று எண்ணாகவே எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்கேனிங் மேசை, லேபிள் ஒட்டுதல், ரிட்டர்ன் சரிபார்த்தல் போன்ற இடங்கள் உங்கள் கிடங்கிலும் இருக்கும். அவற்றின் பெயரைச் சொல்லியே கேட்கலாம். கால் வலி முழுமையாக விலகி, உட்கார்ந்து எழுந்து, பத்துக் கிலோவை இடுப்பளவில் வலியின்றி எடுக்க முடிகிறது என்ற பிறகு எடையைப் படிப்படியாகக் கூட்டலாம். கீழ்த்தட்டு அரிசி மூட்டையைத் தனியாக மட்டும், முழுக் குணமான பிறகும் தூக்காதீர்கள்.